கடல்கோளும் காவற்சொல்லும்

சொல் காற்றிற் பிறந்து காற்றிலே மறைவது. ஆயினும், வேளையறிந்து சொல்லப்பட்ட ஒரு சொல் ஓர் ஊரைக் காத்ததுண்டு. சொல்லப்படாது நின்ற ஒரு சொல்லால் ஓர் ஊர் அழிந்ததும் உண்டு. தமிழாசிரியனாகிய யான் சொல்லின் அழகைப் பற்றியே இருபது ஆண்டுகளாக மாணவர்க்கு உரைத்து வருகின்றேன். விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமெனப் பழைய மாணவர் சங்கத்தார் பணித்தபோது, இம்முறை சொல்லின் பயனைப் பற்றி எழுதுதல் தகும் எனத் தோன்றிற்று. இடர் வந்துற்ற வேளையில் நிறுவனங்கள் மக்களோடு பேசும் முறை யாது, பேச வேண்டிய முறை யாது என்பதே ஈண்டு ஆராயப்படும் பொருள்.

நிறுவனம் என்றதும் பெரிய கம்பனிகளையும் அமைச்சுக்களையும் மட்டும் நினைத்தல் வேண்டா. துறைமுகம், மருத்துவமனை, புகையிரதப் பகுதி, மீனவர் சங்கம், கோயிற் பரிபாலன சபை ஆகிய யாவும் நிறுவனங்களே. ஏன், நம் கல்லூரியும் ஒரு நிறுவனமே. பலர் கூடி ஒரு பெயரின் கீழ்ப் பொறுப்பேற்று நடத்தும் எதுவும் அப்பெயருக்கு உரியது. இடர் நேரும்போது ஒரு நிறுவனத்தின் முன் இரண்டு கடமைகள் நிற்கின்றன. இடரை எதிர்ப்பது ஒன்று. இடரைப் பற்றி மக்களுக்கு உரைப்பது மற்றொன்று. முன்னதே கடமை, பின்னது வெறும் சம்பிரதாயம் என எண்ணுவோர் பலர். அவ்வெண்ணத்துக்கு நாம் கொடுத்த விலை எத்துணைப் பெரிது என்பதை நம் துறைமுகத்தின் வரலாறே காட்டும்.

இரண்டு காலைப் பொழுதுகள்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் திகதி காலை யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கி ஒன்று பற்றி நாட்கணக்காக எரிந்தது. எனினும் அன்று துறைமுகத்தினுள்ளே கப்பல்கள் நிறைந்து கிடக்கவில்லை. முதல் நாளே வேவு விமானமொன்று யப்பானியக் கப்பற்படையை நடுக்கடலிற் கண்டு வானொலியாற் செய்தி அனுப்பிற்று. அன்றிரவே கப்பல்கள் துறையை விட்டு வெளியேற்றப்பட்டன. அவற்றுள் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் விடிந்தபின் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது உண்மையே. ஆயினும், எல்லாக் கப்பல்களும் துறையிற் கட்டுண்டு கிடந்திருப்பின் நேர்ந்திருக்கும் பேரழிவு அச்செய்தியினால் தவிர்ந்தது.

இனி, மற்றொரு காலை. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பூரணை நாள். காலை ஏழு மணிக்குச் சற்று முன், சுமாத்திராத் தீவின் மேற்கே கடலடியில் 9.1 அளவுடைய நிலநடுக்கம் உண்டாயிற்று. அதன் மையம் நம் கரையிலிருந்து 1,600 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளது. எழுந்த பேரலை நம் கிழக்குக் கரையை வந்தடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. இரண்டு மணி நேரம் என்பது சிறு பொழுதன்று. கரையோரத்து மக்கள் யாவரும், முதியோரும் குழந்தைகளும் உட்பட, நடந்தே மேட்டு நிலத்தை அடையப் போதிய காலம் அது.

அவ்விரண்டு மணி நேரத்துள் உலகில் யாரும் ஒன்றும் அறியாதிருக்கவில்லை. ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் கடல்கோள் எச்சரிக்கை நிலையம் பதினைந்து நிமிடங்களுள் நிலநடுக்கத்தைப் பற்றி முதல் அறிக்கையை வெளியிட்டது. ஆனால் அந்நிலையம் பசிபிக் சமுத்திர நாடுகளுக்காக அமைந்தது. இந்து சமுத்திர நாடுகளில் யாரைத் தொலைபேசியில் அழைப்பது என்ற ஒழுங்கே அதனிடம் இருக்கவில்லை. கண்டிக்கு அருகே பல்லேகலையிலும் நிலநடுக்கப் பதிவுக் கருவி இருந்தது. பதிவை எச்சரிக்கையாக மாற்றி ஊருக்கு உரைக்கும் ஏற்பாடுதான் நாட்டில் இல்லை. கிழக்குக் கரையை அழித்த அலை தெற்கைச் சுற்றி மேற்குக் கரையை அடைய மேலும் நேரம் எடுத்தது. அந்நேரத்துள்ளும் செய்தி முந்தவில்லை. கொழும்பிலிருந்து தெற்கே சென்ற புகையிரதத்தை நிறுத்த அதிகாரிகள் முயன்றும், செய்தி அதனை எட்டவில்லை. பெரலியாவில் அவ்வண்டியை அலை கவிழ்த்தபோது 1,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலங்கை முழுவதிலும் இறந்தோர் 30,000க்கும் அதிகம்.

இவ்விரு காலைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். 1942இல் இருந்தது ஒரு விமானமும் ஒரு வானொலிப் பொறியும். 2004இல் செயற்கைக்கோளும் தொலைபேசியும் தொலைக்காட்சியும் இருந்தன. எனவே குறைந்தது கருவியன்று. செய்தியைப் பெறுபவர் யார், பெற்றதும் அவர் செய்ய வேண்டியது யாது, கேட்டவர் போக வேண்டிய இடம் எது என்பன 1942இல் முன்னரே வகுக்கப்பட்டிருந்தன. 2004இல் அவை வகுக்கப்படவில்லை. இடர் வந்தபின் வாய் தேடுவோர்க்குச் சொல் அகப்படுவதில்லை.

தூதின் இலக்கணம்

வள்ளுவர் தூது என ஓர் அதிகாரம் வகுத்தார் என்பதைப் பழைய மாணவர்க்கு யான் நினைவூட்ட வேண்டியதில்லை. தூதுவனிடம் வேண்டப்படும் குணங்களுள் அன்பு, அறிவு, தெளிந்து பேசும் திறன் என்னும் மூன்றனையும் அவர் தலையாயவாகக் கொண்டார். இக்காலத்து நிறுவனத்தின் அறிக்கையை எழுதுவோரும், ஒலிவாங்கியின் முன் நிற்போரும் அத்தூதுவரின் வழிவந்தோரே. அவன் மாற்றரசனிடம் சென்றான். இவர் மக்களிடம் செல்கின்றார். வேறுபாடு அவ்வளவே. ஆதலின் அம்மூன்று குணங்களையும் உரைகல்லாகக் கொண்டு நிறுவனங்களின் பேச்சை மதிப்பிடலாம்.

அறிவு

முதலில் வேண்டுவது அறிந்து பேசுதல். டிசம்பர் 26ஆம் திகதியின் பிழை மௌனம் எனின், நான்கு நாள் கழித்து நேர்ந்த பிழை வீண் கூக்குரல். டிசம்பர் 30ஆம் திகதி இந்திய உள்துறை அமைச்சு மீண்டும் பேரலை வரக்கூடுமென எச்சரிக்கை விடுத்தது. நிலநடுக்கத்தை முன்கூட்டியே கணிக்கவல்லோம் எனக் கூறிய அமெரிக்கத் தனியார் நிறுவனமொன்றின் பேச்சே அதற்கு அடிப்படையாயிற்று. தமிழ்நாட்டுக் கரையில் மக்கள் அலறியோடினர். பிணங்களை அடக்கஞ் செய்து கொண்டிருந்தோரும் உணவு வழங்கிக் கொண்டிருந்தோரும் பணியை விட்டு ஓடினர். அச்சம் நம் நாட்டையும் தொற்றிற்று. அன்றே எச்சரிக்கை மீட்டுக் கொள்ளப்பட்டது. ஆனால் ஓடியவரின் நெஞ்சில் எழுந்த ஐயத்தை மீட்டுக் கொள்ளுதல் எளிதன்று. மௌனம் உயிரைக் கொல்லும். பொய்க்குரல் நம்பிக்கையைக் கொல்லும். நம்பிக்கை இறந்தபின் மெய்க்குரலும் பயன்படாது.

அங்ஙனமாயின், முழுவதும் அறியும் வரை வாய் திறவாது இருத்தல் வேண்டுமோ எனின், வேண்டா. இடர்க்காலத்தில் முழு அறிவு ஒருபோதும் உடனே கிட்டாது. அறிந்ததை அறிந்ததென்றும், அறியாததை இன்னும் அறியவில்லையென்றும், அடுத்த செய்தி எத்தனை மணிக்கு வருமென்றும் சொல்லிவிடுதலே நேரிய வழி. இம்மூன்றையும் சொன்னவர் பின்னர்த் தம் கூற்றைத் திருத்த நேர்ந்தாலும் பொய்யர் எனப்படார்.

2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் திகதி பிற்பகல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவுடைய நிலநடுக்கம் உண்டானபோது இதனை நாம் கண்டோம். கரையோர மக்கள் வெளியேற வேண்டுமென அறிவிக்கப்பட்டது, மக்கள் வெளியேறினர், பேரலை எழாமையால் அன்றே எச்சரிக்கை நீக்கப்பட்டது. வீணாக ஓடினோம் என முணுமுணுத்தோர் உண்டு. அவர்க்கு விடை இருந்தது. 2004இல் கடலடித் தட்டு மேலெழும்பி நீரைத் தூக்கிற்று. 2012இல் தட்டுக்கள் பக்கவாட்டிற் சரிந்தன. ஆதலால் நீர் பெரிதும் உயரவில்லை. நடுக்கம் எவ்வகையினது என அறிந்து முடிப்பதற்குள் மக்களைக் கரையில் இருத்தி வைத்தல் தகாது. இதனை ஊரறியச் சொல்வதும் எச்சரிக்கையின் ஒரு பகுதியே. எச்சரிக்கை நீக்கப்பட்டதன் காரணத்தை விளக்காத நிறுவனம், அடுத்த முறை மக்கள் ஓட மறுப்பதற்குத் தானே வழிகோலுகின்றது.

நிறுவனம் பேசாத இடத்தில் வதந்தி பேசும். 2004இன் பேரழிவுக்குப் பின், மாண்டோரின் உடல்களை மீன்கள் உண்டிருக்கும் என்ற பேச்சுப் பரவி மக்கள் மீன் வாங்க அஞ்சினர். கடலால் வள்ளத்தையும் வலையையும் இழந்த மீனவன் வதந்தியாற் சந்தையையும் இழந்தான். 2021ஆம் ஆண்டு மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் என்னும் கொள்கலக் கப்பல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றி, யூன் மாதத்தில் மூழ்கியபோதும் அதே அச்சம் மீண்டது. இத்தகைய வேளையில் மீனைச் சோதித்தவர் யார், கண்டது யாது, எந்தக் கடலின் மீனை உண்ணலாம் என்பவற்றை நாள்தோறும் உரைத்தல் வேண்டும். அஞ்ச வேண்டாம் என்னும் வெற்றுரை அச்சத்தை வளர்க்குமேயன்றித் தணியாது.

அன்பு

இரண்டாவது குணம் அன்பு. இடர் வந்ததும் நிறுவனத்தின் நெஞ்சில் முதலில் எழும் வினா எது என்பதைப் பொறுத்தே அதன் பேச்சு அமையும். நம் பெயர் என்னாகும் என்பது ஒரு வினா. மக்கள் என்னாவர் என்பது மற்றொன்று. முதல் வினாவிலிருந்து பிறக்கும் அறிக்கை மறைக்கும். இரண்டாம் வினாவிலிருந்து பிறக்கும் அறிக்கை காக்கும்.

1984ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் திகதி நள்ளிரவை அடுத்து இந்தியாவின் போபால் நகரில் யூனியன் கார்பைட் ஆலையிலிருந்து நச்சுவாயு கசிந்தது. ஊருக்கு ஒலிக்க வேண்டிய சங்கு சிறிது நேரமே ஒலித்து நிறுத்தப்பட்டது. வாயு இன்னது, அது படாமல் முகத்தை ஈரத்துணியால் மூட வேண்டும், காற்று வீசும் திசையில் ஓடலாகாது என்னும் மூன்று செய்திகள் அக்குடிசைவாழ் மக்களுக்கு முன்னரே சொல்லப்பட்டிருப்பின் எத்தனையோ உயிர் தப்பியிருக்கும். நோயாளரை ஏற்ற மருத்துவர்க்கும் நஞ்சின் இயல்பு தெளிவாக உரைக்கப்படவில்லை. உடனடியாக இறந்தோரே 2,000க்கும் மேற்பட்டோர். பின்னர் நோயுற்று மாண்டோர் பல்லாயிரவர். ஆலையின் சுவருக்கு வெளியே வாழ்ந்தவரை அந்நிறுவனம் தன் கேட்போராக என்றும் எண்ணியதில்லை என்பதே அவ்விரவின் பொருள்.

இதற்கு மறுதலையான நிகழ்ச்சி 1982ஆம் ஆண்டு அமெரிக்காவின் சிக்காகோ நகரப் பகுதியில் நேர்ந்தது. ஜோன்சன் அன் ஜோன்சன் கம்பனியின் டைலனோல் என்னும் தலைவலி மாத்திரையில் யாரோ சயனைட் நஞ்சைக் கலந்துவிட, 7 பேர் மாண்டனர். கலந்தவர் கம்பனியார் அல்லர். எனினும் குற்றம் எமதன்று என வாதிப்பதை அவர்கள் முதல் வேலையாகக் கொள்ளவில்லை. மாத்திரையை உட்கொள்ள வேண்டாம் எனத் தம் சரக்கைத் தாமே விலக்கி அறிவித்தனர். நாடெங்கும் கடைகளிலிருந்த ஏறத்தாழ 3 கோடி 10 இலட்சம் போத்தல்களைத் திரும்பப் பெற்றனர். பின்னர், திறந்தால் தெரியும்படி முத்திரையிட்ட போத்தல்களில் விற்கத் தொடங்கினர். பெரும் பொருள் இழப்பு. ஆயினும் நெடுநாட் செல்லுமுன் மக்கள் மீண்டும் அம்மருந்தை வாங்கினர். சொல்லும் செயலும் ஒத்தமையே அதற்குக் காரணம். அழகாக எழுதிய இரங்கலுரை மட்டும் அந்நம்பிக்கையைப் பெற்றுத் தந்திராது.

உண்மையை முந்திச் சொல்லுதல் நிறுவனத்துக்கு நட்டமன்று என்பதை இவற்றுக்கு நெடுநாள் முன்னரே சிலர் உணர்ந்திருந்தனர். 1906ஆம் ஆண்டு அமெரிக்காவில் பென்சில்வேனியாப் புகையிரதம் ஒன்று பாலத்திலிருந்து நீரில் வீழ்ந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, கம்பனியின் ஆலோசகராகிய ஐவி லீ என்பார் விபத்தை மறைக்காது, பத்திரிகையாளர்க்கு விபரங்களை எழுத்தில் வழங்கச் செய்தார். இன்று எல்லா அலுவலகங்களும் வெளியிடும் பத்திரிகை அறிக்கைக்கு அது முன்னோடி என்பர்.

சொல்வன்மை

மூன்றாவது குணம் தெளிந்து பேசும் திறன். இதிற் பிழைத்தோருள் யானும் ஒருவன் என்பதை மறைத்தல் முறையன்று.

சில ஆண்டுகளுக்கு முன் கரையோரப் பாடசாலை ஒன்றிற் பணியாற்றிய காலத்தில், ஒரு நாள் முற்பகல், கடல் வருகிறதாம் என்னும் பேச்சுக் கைப்பேசி வழியே ஊரிற் பரவிற்று. சிறிது நேரத்துள் பெற்றோர் வாயிலில் திரண்டனர். வாயிலில் தொங்கவிட அறிவித்தல் ஒன்று எழுதித் தருமாறு அதிபர் என்னைப் பணித்தார். தமிழாசிரியனுக்கு அது பெருமையாக இருந்தது. ஆதாரமற்ற வதந்திகளைக் கருத்திற் கொள்ளாது அமைதி பேணுமாறு பெற்றோர் தயவுடன் கேட்டுக் கொள்ளப்படுகின்றனர் என எழுதினேன். ஒரு சொல்லை இரு முறை மாற்றினேன். எழுத்தை அழகு பார்த்தேன். பத்து நிமிடத்துக்கு மேல் கழிந்தது. தாளைக் கொண்டு வாயிலை அடைந்தபோது, முன்னே நின்ற முதிய மாதொருவர் அதனைப் பார்க்கவேயில்லை. என் முகத்தைப் பார்த்து, "சேர், கடல் வருகுதா, இல்லையா? அதைச் சொல்லுங்கோ" என்றார்.

என்னால் விடை கூற இயலவில்லை. உரியவரிடம் யாரும் கேட்டறியவில்லை. அறிவித்தல் எழுதும் அவசரத்தில் அறிதல் மறந்து போயிற்று. அதற்குள் நெரிசலில் ஒரு சிறுமி விழுந்து கை முறிந்தாள். பின்னரே அதிபர் தொலைபேசியில் விசாரித்து, நாற்காலி ஒன்றின்மேல் ஏறி நின்று உரத்துக் கூறினார்: "கடல் வரவில்லை. இப்போதுதான் அனர்த்த நிலையத்தைக் கேட்டேன். பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள். வேண்டியவர்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து அழைத்துச் செல்லுங்கள்." நான்கே வாக்கியங்கள். கூட்டம் தணிந்தது. என் அறிவித்தலில் இல்லாதன யாவும் அந்நான்கில் இருந்தன: உண்மை யாது, அதனை அறிந்தது எவ்வாறு, பிள்ளை எங்கே, இனிச் செய்ய வேண்டியது என்ன. அச்சிறுமி இப்பொழுது வளர்ந்துவிட்டாள். அவளைக் காணும்போதெல்லாம் யான் இரு முறை மாற்றிய அச்சொல் நினைவுக்கு வரும்.

தெளிவு என்பது மொழியையும் பொறுத்தது. 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிற்று. நம் மாவட்டத்தில் தமிழரும் முஸ்லிங்களும் சிங்களவரும் ஒரே கரையில் வாழ்கின்றனர்; அலை மொழி கேட்டு வருவதில்லை. எச்சரிக்கை ஒரு மொழியில் முதலிலும் மற்றொரு மொழியிற் பின்னரும் வருமாயின், இடைப்பட்ட நேரம் உயிர்களின் நேரம். இடர் வந்தபின் மொழிபெயர்ப்பாளரைத் தேடாது, வாக்கியங்களை மும்மொழியிலும் முன்னரே எழுதி வைத்து, இடத்தையும் நேரத்தையும் மட்டும் நிரப்பிக் கொள்ளும் வழி உண்டு. அவ்வாக்கியங்களும் வீட்டில் வழங்கும் சொற்களால் ஆதல் வேண்டும். தாழ்நிலப் பிரதேசங்களிலிருந்து அகலுமாறு அறிவுறுத்தப்படுகின்றீர்கள் என்பதிலும், கடற்கரையை விட்டு மேட்டுக்குப் போங்கள் என்பது சிறந்த தமிழ்.

நாள்தோறும் பழகிய குரல்

அறிவும் அன்பும் சொல்வன்மையும் ஒருங்கே அமைந்தாலும், மற்றொன்று இல்லாவிடின் அவை பயன்படா. அது பழக்கம்.

புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்னும் மீனவர் ஊர் உள்ளது. மா. சா. சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அவ்வூரில் அறிவு மையம் ஒன்றை நிறுவி, அலையின் உயரம், காற்றின் வேகம் முதலியவற்றை ஒலிபெருக்கி மூலம் நாள்தோறும் மீனவர்க்கு அறிவித்து வந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை, சிங்கப்பூரில் வேலை செய்த அவ்வூர் இளைஞரொருவர் சுமாத்திராச் செய்தியைத் தொலைக்காட்சியிற் கண்டு வீட்டைத் தொலைபேசியில் அழைத்தார். வீட்டார் ஊராரிடம் ஓடினர். ஊரார் மையத்தின் கதவை உடைத்து ஒலிபெருக்கியில் அறிவித்தனர். படகுகளும் வீடுகளும் அழிந்தன. ஆனால் 3,600 பேரளவான அவ்வூர் மக்களில் ஒருவரும் மாளவில்லை.

அன்று அவ்வூரைக் காத்தது அந்த ஒரு தொலைபேசி அழைப்பு மட்டுமன்று. அவ்வொலிபெருக்கி சொன்னதும் மக்கள் ஓடினரே, ஏன் ஓடினர்? நேற்றும் முன்தினமும் அது சொன்ன அலையின் உயரம் மெய்யாயிருந்தது. சிறு செய்திகளில் நாள்தோறும் மெய்யாய் நின்ற குரல், பெருஞ் செய்தி வந்த நாளில் ஐயமின்றி ஏற்கப்பட்டது. இடர்க்காலத்து நம்பிக்கை இடர்க்காலத்திற் சம்பாதிக்கப்படுவதன்று. அது சாதாரண நாட்களில் சிறுகச் சிறுகச் சேர்த்து வைக்கப்படும் முதல்.

சுமாத்திராவுக்கு மிக அருகேயுள்ள சிமெலூ என்னும் தீவு இதற்கு இன்னுமொரு சான்று. அங்கே எச்சரிக்கை நிலையமும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. அலை வந்துசேர எடுத்த நேரமும் மிகக் குறைவு. ஆனால் 1907இல் நேர்ந்த பேரலையின் நினைவை ஸ்மோங் என்ற ஒரே சொல்லில் அம்மக்கள் வைத்திருந்தனர். நிலம் பலமாக நடுங்கி, கடல் உள்வாங்கினால் மலைக்கு ஓடு என்பது அச்சொல்லின் பொருள். பாட்டிமார் பாட்டிலும் கதையிலும் அதனைப் பேரருக்குக் கொடுத்து வந்தனர். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் 2004இல் இறந்தோர் 7 பேரே.

இதனைப் படித்த நாள் முதல் தமிழாசிரியனாகிய என் உள்ளம் அமைதியுறவில்லை. நமக்கும் அத்தகைய சொல் உண்டன்றோ? கடல்கோள் என்னும் சொல்லைச் சிலப்பதிகார உரையும் இறையனார் களவியல் உரையும் பேணி வந்தன. சங்கங்களையும் நிலங்களையும் கடல் கொண்ட கதையை அறியாத தமிழ் மாணவர் இல்லை. ஆயினும் சிமெலூவின் சொல் மக்களை மேட்டுக்கு ஓட்டிற்று. நம் சொல் பரீட்சைத் தாளில் நின்றது. பழம்பெருமை கூறும் சொல்லாக அதனைக் காத்தோம். உயிர்காக்கும் சொல்லாக வளர்க்கவில்லை. பொறுப்பு நூலைச் சார்ந்ததன்று. நூலைக் கற்பித்த எம்மைச் சார்ந்தது.

நம் கல்லூரி செய்யத்தக்கது

2004இன் பின் நாடு சிலவற்றைச் செய்தது. 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் அனர்த்த முகாமைத்துவத்துக்கு வழிவகுத்தது. அனர்த்த முகாமைத்துவ நிலையம் அமைந்தது. 117 என்னும் இலக்கத்தில் எவரும் அதனை அழைக்கலாம். இந்து சமுத்திரத்துக்கென எச்சரிக்கை ஒழுங்கும் தோன்றிற்று. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரேவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோது, தாழ்நிலத்து மக்கள் முன்னரே பாதுகாப்பிடங்களுக்கு அனுப்பப்பட்டிருந்தனர். 1964 டிசம்பர்ப் புயலின் கதையைப் பெரியோர் வாயிற் கேட்டறிந்தோர் இவ்வேறுபாட்டின் அருமையை உணர்வர்.

ஆனால் கோபுரமும் கருவியும் கரையோடு நின்றுவிடும். அங்கிருந்து வீட்டுக்குள் சொல்லைக் கொண்டு செல்வது அண்டை நிறுவனங்களின் கடமை. நம் கல்லூரி அவற்றுள் ஒன்று. இடர் வேளையில் கல்லூரியின் சார்பிற் பேசுபவர் இன்னார், அவர் இல்லாத நாளில் இன்னார் எனக் குறித்து வைத்தல். 117 என்னும் இலக்கத்தை அலுவலகச் சுவரிற் பெரிதாக எழுதி, கேட்டறிந்த பின்னரே பேசும் வழக்கத்தை நிலைநாட்டல். மும்மொழி அறிவித்தல்களை எழுதி வைத்தல். எந்த மணியோசைக்கு எந்த வழியாக எங்கே செல்வது எனத் தவணைக்கு ஒரு முறையேனும் பழக்குதல். பெற்றோர் கூட்டங்களிற் சிறு செய்திகளையும் மெய்யாகவும் வேளைக்கும் சொல்லிப் பழகுதல்: இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. பழைய மாணவருள் துறைமுகத்திலும் மருத்துவமனையிலும் திணைக்களங்களிலும் பணிபுரிவோர் பலர். அவர்கள் தத்தம் அலுவலகத்தில் இவ்வினாவை ஒரு முறை எழுப்பினாலும் இம்மலர் பயன் பெற்றதாகும்.

இறுதியாக ஒன்று. இன்று எம் வகுப்பறைகளில் இருப்போர் யாவரும் 2004க்குப் பின் பிறந்தவர்கள். அண்மையில் ஒரு வகுப்பில், கடல்கோள் என்றால் என்ன என வினவினேன். குமரிக் கண்டத்தைப் பற்றி நன்றாகவே விடை கூறினர். கடற்கரையில் நிற்கும்போது கடல் திடீரெனப் பின்வாங்கினால் என்ன செய்வீர்கள் என அடுத்து வினவினேன். சிறிது அமைதி. பின்னர் ஒரு மாணவன் எழுந்து, "கிட்டப் போய்ப் பார்ப்பம், சேர்" என்றான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. 2004இலும் கடல் உள்வாங்கிய வேளை அதனைப் பார்க்கவென்று இறங்கியோர் எத்தனை பேர்!

அன்றைய இலக்கியப் பாடத்தை ஒத்திவைத்து, நிலம் பலமாக நடுங்கினாலும், கடல் உள்வாங்கினாலும், கடலில் பேரிரைச்சல் எழுந்தாலும் யாருடைய சொல்லுக்கும் காத்திராது மேட்டுக்கு ஓட வேண்டும் என்றும், கடல் உள்வாங்காமலே அலை வருவதும் உண்டு என்றும், முதல் அலையோடு இடர் முடிவதில்லை என்றும் கற்பித்தேன். இப்போது ஒவ்வொரு தவணையின் முதல் நாளும் அதே வினாவைக் கேட்கின்றேன். கடல்கோள் என்று யான் சொல்லி வாய்மூடுமுன், "மேட்டுக்கு ஓடுவம், சேர்" என வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடை கூறும். பரீட்சையில் அவ்விடைக்குப் புள்ளி இல்லை. ஆயினும் யான் கற்பித்த தமிழுள் அதனினும் மேலான விடை ஒன்றை இன்னும் கேட்டிலேன்.